துணியில் வடித்து ஏற்றிய இரத்தம்



சென்ற மாதப் பேச்சு முடிந்த கையோடு ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, முள்ளிவாய்க்காலில காயக்காரரின்ரை இரத்தத்தையே துணியில வடிச்சு அவைக்கே திருப்பி ஏத்தினவையாம். அது வைத்தியமோ, இல்லாட்டில் வேற வழியில்லாமல் செய்ததோ?" இரண்டும்தான் அம்மா என்றேன். விளக்கிச் சொல்ல நேரம் போதவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நடந்தது உண்மை. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. 2009இன் அந்த மாதங்களில் வைத்தியர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா போன்றவர்கள் பணியாற்றிய தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்துக்கும் இரத்தத்துக்கும் கடும் தட்டுப்பாடு. காயப்பட்டவரிடமிருந்து வெளியேறிய இரத்தத்தைத் துணியால் வடித்து, அவருடைய நாளத்துக்குள்ளேயே திரும்பச் செலுத்தினார்கள்.

கேட்கவே நெஞ்சு பதறும். ஆனால் இது அங்கே புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1914இல் ஜெர்மனியில் யோஹான்னஸ் தீஸ் என்ற வைத்தியர், கருப்பைக்கு வெளியே கரு தங்கி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கொட்டிய பெண்களுக்கு அவர்களின் இரத்தத்தையே எடுத்து ஏற்றியிருக்கிறார். இரத்த வங்கி இல்லாத ஊர்களில் இந்த முறை பின்னரும் உயிர்களைக் காத்தது. நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ தேங்கிய இரத்தம் இதற்குப் பொருத்தம். கட்டிகளை வடிகட்ட வேண்டும். உறையாமலிருக்க சிட்ரேற் கலக்க வேண்டும். குடல் கிழிந்து கழிவு கலந்திருந்தால் கிருமி உடலெங்கும் பரவும் ஆபத்து உண்டு. பெரிய வைத்தியசாலைகளில் இதே வேலையை இயந்திரம் செய்கிறது. அது செவ்வணுக்களைக் கழுவித் திருப்பித் தருகிறது. வன்னியில் இயந்திரத்தின் இடத்தில் துணி இருந்தது.

சேலைன் ஏற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. அதில் 2 லீற்றர் வேகமாகப் போனால் உயிர் ஊசலாடும். சேலைன் குழாயை நிரப்பும், அவ்வளவுதான். அது ஒட்சிசனைச் சுமக்காது, காயத்தில் இரத்தத்தை உறையவும் வைக்காது. அதிகமாக ஏற்றினால் எஞ்சிய இரத்தமும் நீர்த்து, உடல் குளிர்ந்து, உறையும் சக்தி இன்னும் குறையும். சுமக்கச் செவ்வணுக்கள் வேண்டும், காயத்தை அடைக்கச் சிறுதட்டுக்கள் வேண்டும், உறைய வைக்கும் புரதங்களுக்குப் பிளாஸ்மா வேண்டும். மூன்றும் சேர்ந்ததுதான் முழு இரத்தம்.

முதலாம் உலகப் போரில், 1917இல், ஒஸ்வால்ட் ரொபர்ட்சன் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர் இரத்தத்தைப் போத்தல்களில் சேமித்துக் காயப்பட்டவர்களுக்கு ஏற்றினார். பிற்காலத்தில் இரத்தத்தைக் கூறுகளாகப் பிரிக்கும் வழக்கம் வந்தது. அதற்குக் காரணம் உண்டு: செவ்வணுக்கள் குளிரில் 42 நாள் வரை தாங்கும், பிளாஸ்மாவை உறையவைத்து நீண்டகாலம் வைக்கலாம், ஆனால் சிறுதட்டுக்களை அறை வெப்பத்தில் அசைத்தபடி சில நாட்களே வைத்திருக்க முடியும். ஒருவர் கொடுத்தது மூவருக்குப் பயன்படும். இரத்தசோகைக்காரருக்கும் புற்றுநோயாளிக்கும் இது மிக நல்ல ஏற்பாடு. கொட்டிக்கொண்டிருக்கும் காயக்காரருக்கோ, பிரித்ததை மறுபடி சம அளவில் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க இராணுவம் பக்கத்தில் நின்ற சிப்பாய்களிடமே இரத்தம் எடுத்து முழுதாக ஏற்றியது. அதன் பிறகு சில நாடுகளின் ஹெலிகொப்டர்களிலும் அவசர சேவைகளிலும் ஓ வகை முழு இரத்தம் குளிரூட்டிய பைகளில் போகத் தொடங்கியது. ஓ வகையிலும் எதிர்ப்பொருள் குறைந்த இரத்தத்தைத்தான் தெரிந்தெடுப்பார்கள். முழு இரத்தம் எல்லா இடத்திலும் கூறுகளை வெல்லும் என்று நான் சொல்லவில்லை. சரியான நேரத்தில் கிடைப்பதுதான் பாதி வைத்தியம்.

பலெர்மோவில் மோதோரினோ ஓட்டும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இது தூரத்துக் கதை அல்ல. விபத்தென்றால் முதலில் 112. ஆட்கள் வரும்வரை கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

"என்ரை இரத்தத்தை அண்ணனுக்கு இப்பவே ஏத்துங்கோ" என்று வைத்தியசாலையில் கெஞ்சுபவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் கொடுக்கும் இரத்தத்தில் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மேலும், நெருங்கிய உறவின் வெள்ளணுக்கள் அரிதாக நோயாளியின் உடலையே தாக்கக்கூடும். அண்ணனுக்கு ஏறப்போவது யாரோ முன்பே கொடுத்துச் சோதித்து வைத்த இரத்தம்.

அந்த யாரோ ஒருவராக நாமும் இருக்கலாம். இத்தாலியில் 1927இல் மிலானில் தொடங்கிய ஆவிஸ் சங்கம் பலெர்மோவிலும் இயங்குகிறது. 18 வயதுக்கு மேல், குறைந்தது 50 கிலோ எடை. ஒரு தடவைக்கு 450 மில்லிலீற்றர்தான். பணம் தரமாட்டார்கள், வேலை செய்பவருக்கு அன்று சம்பளத்துடன் விடுப்பு உண்டு. வைத்தியர் தனியாகக் கேள்வி கேட்பதால் இத்தாலிய மொழி விளங்க வேண்டும். இங்கே படித்த பிள்ளைகளுக்கு அது பிரச்சினையே அல்ல. அடையாள அட்டையையும் தெசேரா சனித்தாரியாவையும் எடுத்துச் செல்லுங்கள். மலேரியாவுக்காக, பிறந்த இடத்தையும் பயணங்களையும் விசாரிப்பார்கள். கடைசியாக ஊருக்குப் போய்வந்த திகதியை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் நல்லது.