நூல் முகப்பில் இல்லாத பெயர்

திருவள்ளுவரைப் பற்றி வழங்கும் கதைகளில் வாசுகி அம்மையார் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தோன்றுகிறார். கிணற்றில் நீர் இறைத்துக் கொண்டிருந்தவர், கணவர் அழைத்த குரல் கேட்டதும் கயிற்றை அப்படியே விட்டு ஓடி வந்தார் என்பது ஒன்று. உண்ணும் இலையருகே நாள்தோறும் ஊசியும் நீர்க்கிண்ணமும் வைத்தார் என்பது மற்றொன்று. இவை கதைகளே, வரலாற்றுச் சான்று உடையன அல்ல. ஆயினும் கதை கட்டியோரின் உள்ளத்தை இவை நன்கு காட்டுகின்றன. அறிஞன் மனைவிக்கு அவர்கள் வகுத்த பணி அடங்கி நடத்தல் ஒன்றே. 1330 குறளில் ஒன்றையேனும் அம்மையார் கேட்டுக் கருத்துரைத்தார் என்றோ, ஓலைகளைப் பேணிக் காத்தார் என்றோ கதை கட்ட அவர்களுக்குத் தோன்றவில்லை.

சான்றுள்ள காலத்துக்கு வருவோம். கிள்ளான் வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளில் பாரதியார் பாடலைக் கேளாத மாணவர் இலர் எனலாம். சமையலுக்கு வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்த கதையையும் ஆசிரியர்கள் சொல்வதுண்டு. கவிஞரின் உயிரிரக்கத்துக்கு அது நல்ல சான்றுதான். ஆனால் அன்றைய உலைக்கு வேறு அரிசி இருந்ததா என்று வகுப்பில் கேட்பார் அரியர். அந்தக் கதையை உலகுக்குச் சொன்னவர், உலை ஏற்ற வேண்டியிருந்த செல்லம்மா அம்மையாரே என்பதும் பலர் அறியாத செய்தி.

செல்லம்மா 1890இல் கடையத்தில் பிறந்தார். 1897இல், ஏழாம் வயதில், மணம் நடந்தது. 1908இல் பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். 1918இல் கடலூர்ச் சிறையினின்று வெளிவந்தபோது அவருக்குப் புகலிடமானது மனைவியின் ஊராகிய கடையமே. தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவதென்று 1920இல் திட்டமிட்டுப் பொருளுதவி வேண்டினார். உதவி வரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இலேயே அச்சேறிவிட்டது. இரண்டாம் பாகம் அவர் வாழ்நாளில் நூலாகவே இல்லை.

எஞ்சியவை கையெழுத்துத் தாள்களும், பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த பாடல்களும். அவற்றுக்கு உரியவராய் நின்றவர் ஏறத்தாழ 31 வயதுக் கைம்பெண். இளைய மகளுக்கு இன்னும் மணமாகவில்லை. கைம்பெண் தெருவுக்கு வருவதையே பொறாத குலம் அது, காலமும் அத்தகையதே. அந்நிலையில் 1922இல் சென்னையில் ‘பாரதி ஆச்சிரமம்’ என்னும் பதிப்பகத்தை அவர் தொடங்கிச் சுதேச கீதங்களை வெளியிட்டார். அது நெடுநாள் நடக்கவில்லை. நூலுரிமை 1931இல் பாரதி பிரசுராலயத்தார் கைக்குப் போயிற்று. இந்தப் பகுதியை அம்மையாரின் வறுமைக்கதை என்று எழுதிச் செல்வோரே மிகுதி. பதிப்பாளர் என்னும் சொல்லை அவருக்குத் தர அவர்களுக்கு மனம் வருவதில்லை.

உ.வே.சாமிநாதையர் கறையான் வாயினின்று சுவடிகளை மீட்டதைப் பெரும்பணி என்கிறோம். அது பெரும்பணியே. ஒரு கவிஞரின் தாள்களைக் காத்து முதன்முதல் அச்சுக்கு அனுப்பிய பெண்ணின் செயலை மட்டும் ஏன் மனைவியின் கடமை என்று சுருக்கிவிடுகிறோம்? பாடல்களைச் செல்லம்மா எழுதினார் என்று இங்கே கூறவில்லை. கவிதை பிறப்பது வேறு. அது நம் கைக்கு வந்து சேர்வது வேறு.

தோட்டப்புறத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. கணவன் பேரில் உள்ள நிரையில் மனைவியும் விடியுமுன் இறங்கி மங்கு துடைத்து, ஒட்டுப்பால் எடுத்துக் கொடுப்பாள். கணக்கில் ஏறுவது கணவன் பெயர் மட்டுமே.

1941இல் ‘பாரதியார் சரித்திரம்’ வெளிவந்தது. செல்லம்மா சொல்ல, மூத்த மகள் தங்கம்மாள் எழுதியது அது. 1949இல் சென்னை அரசு பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற்றது. அவை பொதுவுடைமை ஆனதையொட்டிய காலத்திலேயே, 1955இல், அம்மையார் மறைந்தார். கடையத்தில் பாரதியாரோடு அவருக்கும் சேர்த்துச் சிலை எழுந்தது 2022இல்தான்.

கணவரே எடுத்துச் சொன்னாலும் உலகம் ஏற்றுக்கொள்வதில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில், சுதந்திரம் பற்றி 1859இல் வெளியிட்ட நூலை மறைந்த மனைவி ஹாரியட்டுக்குக் காணிக்கையாக்கி, தம் எழுத்துகளில் சிறந்தவற்றுக்கு அவரே தூண்டுகோல் என்றும் ஓரளவு ஆசிரியர் என்றும் எழுதினார். பின்வந்த அறிஞர் பலர் அதனைக் காதல் மயக்கம் என்று தள்ளிவிட்டனர்.

நம் பக்கத்தில் நாகம்மையாரைச் சொல்ல வேண்டும். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அம்மையாரும் உடன் வந்தார். ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாடு நடந்தது அப்போதுதான். அதற்கு முன்பே, 1924இல், அவர் வைக்கம் போராட்டத்தில் நேரில் இறங்கியவர். ஈரோட்டு வீட்டுக்கு வந்த தொண்டர் கூட்டத்துக்கெல்லாம் சோறிட்டவரும் அவரே. இந்த இரண்டில் பின்னதையே நம் மேடைகள் விரும்பிச் சொல்கின்றன.

1933 மே 11இல் நாகம்மையார் மறைந்தார். பெரியார் குடி அரசில் எழுதிய இரங்கலுரை வழக்கமான புகழுரை அன்று. பெண்ணுரிமை பேசிய தாம், வீட்டில் மனைவியிடம் அதனை நடத்திக் காட்டவில்லை என்பதை அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். உயர் வகுப்புகளில் குருவிக் கதையைச் சொல்லும் நாளில் அவ்வுரையையும் அதன் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டலாம்.