மலைப்பாதையும் அனுமதிச் சீட்டும்

தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதி காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் என ஏதோ ஒரு வகையில் வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே தெரியும் ஒற்றையடிப் பாதை ஊர்ப் பொதுவழி அல்ல. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன் 27ஆம் பிரிவு நுழைவைக் கட்டுப்படுத்துகிறது. ஆய்வு, புகைப்படம், சுற்றுலா போன்றவற்றுக்கு அனுமதி தர 28ஆம் பிரிவு வழிசெய்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் உரிமைகள் காட்டையே வாழ்வாகக் கொண்ட மக்களுக்கானவை. தேனெடுக்கப் போகிறவர் நடந்த தடத்தில் சுற்றுலாப் பயணியும் போகலாம் என்று அதற்குப் பொருளில்லை.

இந்தக் கட்டுப்பாடுகளை வெறும் அலுவலகச் சடங்காகப் பார்க்கும் வழக்கம் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பெரும் விலையை வாங்கியது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் வார விடுமுறைக்குக் கிளம்பி வந்த இளம் வயதினர். கோடையில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். தீ தனக்கு மேலே இருக்கும் புல்லைச் சூடேற்றிக்கொண்டே ஏறுவதால், சமவெளியைவிடச் சரிவில் பல மடங்கு வேகமாகப் பரவும். மேல்நோக்கி ஓடுபவரைத் தீ முந்திவிடும். பள்ளத்தில் ஒதுங்குவதும் ஆபத்து. குறுகிய ஓடைப்பள்ளம் புகைபோக்கியைப் போலச் சூட்டையும் புகையையும் மேலே இழுக்கும். வெறும் பாறை, ஏற்கெனவே எரிந்து கரியான தரை, புல் வெட்டிய தீத்தடுப்புக் கோடு ஆகியவையே ஓரளவு பாதுகாப்பு.

இந்த விபத்துக்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் திறக்கப்பட்டன. இணையத்தில் முன்பதிவு உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். அவர்களில் பழங்குடி இளைஞர்களும் இருக்கிறார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகள் பிரிக்கப்பட்டிருப்பதால் தன் உடலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க முடியும். தீக்காலத்தில் இவை மூடப்படும். விசித்திரம் என்னவென்றால், கோவை வெள்ளியங்கிரி மலைக்குப் பக்தர்கள் ஏறுவது அதே பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில்தான். 2024 பருவத்தில் அங்கே மூச்சுத்திணறலிலும் மாரடைப்பிலும் பலர் இறந்தனர். அங்குள்ள ஏழு மலைகளையும் ஒரே இரவில் ஏறி இறங்கத் துடிக்கும் இதய நோயாளியைப் பக்தி காப்பாற்றுவதில்லை.

கோடையில் ஆபத்து தீ மட்டுமல்ல. தண்ணீர் வற்றும்போது யானைகள் மிஞ்சியிருக்கும் குட்டைகளையும் ஓடைகளையும் தேடி வரும். நீர்நிலைக்கருகே கூடாரம் போடுவது அவற்றின் வழியை மறிப்பதாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி மழை வழக்கம். முகட்டிலும் தனிமரத்தடியிலும் நிற்கக் கூடாது.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அட்டைகள் வந்துவிடும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நெடுநேரம் கசியும், அவ்வளவுதான், பயப்படத் தேவையில்லை. காட்டாற்று வெள்ளம் அப்படியல்ல. மழை மலையுச்சியில் பெய்யும். கீழே குளிப்பவர் தலைமேல் வெயில் அடிக்கும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, தூரத்தில் லாரி வருவதைப் போன்ற இரைச்சல் ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. பருவமழை தொடங்குவதற்கு முன்பே அது நடந்தது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை நடக்க நல்ல காலம். ஆனால் மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளிப் போகிறவர்கூடத் தெரியமாட்டார். புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணிகளால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் குளிர்மாதங்களில் கூடுகிறது. சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு அக்குளிலோ இடுப்பிலோ தென்படலாம். ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் கண்டால் காட்டுக்குப் போன விஷயத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதும். தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

பாம்புக்கடிக்குப் பருவமில்லை. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கெடுதல். கை காலை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று 108 வாகனத்தில் ஏற்ற வேண்டும். அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இலவசம். காட்டுக்குள் பெரும்பாலும் போன் சிக்னல் கிடைக்காது என்பதால், எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதே பாதி மீட்புப் பணி.

கட்டணம் வாங்கிக் கூட்டிச் செல்லும் தனியார் அமைப்பாளர், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை வழங்குபவர். அனுமதி இருப்பதாகப் பொய் சொல்வதும், வழிகாட்டியோ முதலுதவியோ இல்லாமல் நடத்துவதும், ரத்தான பயணத்துக்குப் பணம் தர மறுப்பதும் சேவைக் குறைபாடாகப் புகார் செய்யத் தக்கவை. ‘எல்லாம் என் பொறுப்பு’ என்று முன்பே கையெழுத்து வாங்கிய தாள் அவருடைய கவனக்குறைவை மூடி மறைத்துவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக்கட்டணம் இல்லை. கவனக்குறைவால் உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்கீழ்க் காவல் நிலையத்தில் புகார் தரலாம்.

வழக்குக்கு ஆதாரம் வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகல், பணம் அனுப்பிய பதிவு, அமைப்பாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவை அழியாமல் இருக்கட்டும். வனத்துறைக்கு அபராதமே கட்ட நேர்ந்தாலும் ரசீது கேட்டு வாங்கலாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து, பாதை திறந்திருக்கிறதா, இந்தக் குழுவுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்று பதில் வந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள்.