கொல்லைக்கு வரும் பறவைகளும் தறிக் கழிவு நூலும்

சென்ற ஆண்டு ஒரு கிராமத்துச் சங்கத்தில் கோழி வளர்ப்புக் கடன்களைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். தவணை தவறியவர் பட்டியலில் ஒரு கைத்தறி நெசவாளரும் இருந்தார். அவர் வீட்டிற்குச் சென்று பார்த்தால் கோழிக்கூடு வெறுமையாகக் கிடந்தது. கொல்லையில் இரண்டு கொய்யா மரங்கள் காய்த்து நின்றன. கிளிகளின் உபத்திரவம் பொறுக்கமாட்டாமல், நெல்லில் பூச்சிமருந்தைக் கலந்து மரத்தடியில் வைத்திருக்கிறார். பழம் தின்ன வந்த கிளிகள் தரையிலிருந்த நெல்லை நாடவில்லை, கோழிகள் நாடின. கடனில் வாங்கிய பத்துக் கோழிகளும் ஒரே பகலில் மாண்டன. “கிளி மட்டும் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஐயா” என்றார். தவணையை நீட்டிக்கப் பரிந்துரை எழுத உட்கார்ந்த நான், ‘காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று நெடுநேரம் யோசித்தேன்.

விஷம் வைப்பது அறிவீனம் மட்டுமன்று, குற்றமும் ஆகும். 1963-இல் தேசியப் பறவையாக ஏற்கப்பட்ட மயில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் சிறைத் தண்டனை உண்டு. கிளியும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டதே.

பறவைகளை அடியோடு ஒழித்தால் என்ன நேரும் என்பதற்குச் சீன தேசத்து அனுபவம் ஒன்று போதும். தானியத்தைத் தின்கின்றனவென்று 1958-இல் அங்கே சிட்டுக்குருவிகளைக் கொன்றொழிக்கும் இயக்கம் தொடங்கிற்று. பூச்சிகள் பெருகின. 1960-இல் ஒழிக்கவேண்டிய பீடைகளின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். தானியம் கொத்தும் அதே குருவி, குஞ்சுகளுக்குப் புழுக்களைத்தான் ஊட்டுகிறது. கரிச்சானோ முழுக்க நம் நண்பன். அது உட்காருவதற்குத் தோட்டத்தில் குறுக்குக் கட்டை அடித்த கம்பு ஒன்றை நட்டுவைப்பது நலம்.

ஆகவே, விலக்குவதே வழி. வைக்கோல் பொம்மையும் மின்னும் தகடும் சில நாட்களே பயன்படும். இடத்தை மாற்றாவிட்டால் காகம் பொம்மையின் தலையிலேயே வந்தமரும். குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளி கடிகிறார்கள். ஆனால் அதற்குப் பகலெல்லாம் ஓர் ஆள் வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இயலுமா?

கீரைப் பாத்திக்கும் நாற்றுப் பாத்திக்கும் நூலே போதும். முளைகளை அடித்து, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் கழிவு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டவேண்டும். காலிலும் சிறகிலும் ஏதோ தட்டுப்படுவதைப் பறவைகள் விரும்புவதில்லை. இதற்குப் பருத்தி நூலே உகந்தது. தப்பித்தவறிப் பறவை சிக்கினாலும் நூல் அறுந்துவிடும். நைலான் நூல் அறாமல் காலை அறுக்கும். வலை போடுவோரும் இதை நினைவிற்கொள்ளவேண்டும். தொய்வாகக் கிடக்கும் மெல்லிய வலையில் குருவியும் சிக்கும், பாம்பும் சிக்கும். சட்டமடித்து விறைப்பாகக் கட்டி, காலையும் மாலையும் பார்த்து வருவது அவசியம்.

கொய்யாவுக்கும் மாதுளைக்கும் துணிப்பையே சிறந்தது. கிளி ஒரு பழத்தை முழுதும் தின்பதில்லை. கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். நஷ்டம் பெருகுவது அதனால்தான். காய் எலுமிச்சை அளவாகும்போது, பழைய மெல்லிய பருத்தித் துணியில் தைத்த பையை மாட்டி வாயைச் சுருக்கிக் காம்போடு கட்டிவிடலாம். கிளி முனைந்தால் ஒற்றைத் துணியைக் கிழித்துவிடும். இரட்டையாகத் தைப்பது நல்லது. பழ ஈயும் இதனால் அண்டாது. பாலிதீன் பை வேண்டாம். உள்ளே வேர்த்துப் பழம் அழுகும். துணிப்பையோ மழையில் நனைந்தாலும் உலர்ந்துவிடும். துவைத்து வைத்தால் மறு காய்ப்புக்கும் உதவும். கைக்கு எட்டாத உச்சிக் கிளைகளைக் கிளிக்கே விட்டுவிடலாம். ஏணியிலிருந்து விழுந்தால் வைத்தியச் செலவு பழத்தின் விலையை மிஞ்சும்!

மயிலுக்குக் கொங்கு நாட்டு விவசாயிகள் பலர் பழைய புடவைகளை வேலியோடு கட்டி மறைக்கின்றனர். மயில் பறக்க வல்லதாயினும் பெரும்பாலும் நடந்தே நுழைவதால், உள்ளே தெரியாதபடி அடைத்தால் பெரும்பகுதி தடுக்கலாம்.

மேற்சொன்ன நெசவாளர் இப்போது பை தைத்துக் கட்டியிருக்கிறார். நூலும் துணியும் அவரவர் வீட்டுத் தறியடியிலேயே கிடைக்கும். பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்குத்தான் அவை கிட்டுவதில்லை. அருகிலுள்ள நெசவாளர் சங்கத்தின் கழிவு நூலையும் பழுதான துணியையும் அடக்க விலைக்குப் பெற்றுத் தரலாமா என்று, வருகிற பொதுச்சபைக் கூட்டத்தில் அவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.