நுளம்பு மருந்துக்குப் பழகுமா?

"நுளம்பு மருந்துக்குப் பழகிப் போச்சு" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கள்ளுக்குப் பழகிய மனிதனைப்போல நுளம்பும் நஞ்சுக்குப் பழகுகிறது என்பது நமது எண்ணம். நடப்பது வேறு.

இலங்கையில் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடிக்கும் வேலை 1946 இல் தொடங்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என்று எண்ணி மருந்தடிப்பைக் கைவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள், 1969 இல் காய்ச்சல் 5 இலட்சம் பேருக்கு மேல் பிடித்தது. மீண்டும் டி.டி.ரி. அடித்தபோது நுளம்பு முன்போலச் சாகவில்லை.

ஏன்? ஒரு தாய் பிள்ளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. நுளம்பும் அப்படித்தான். ஆயிரத்தில் ஒன்றிரண்டுக்கு நஞ்சைச் சிதைக்கும் தன்மை பிறவியிலேயே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மருந்தில்லாத காலத்தில் அதனால் பெரிய இலாபமில்லை. மருந்தடித்த சுவரில் குந்தியதும் மற்றவை விழுந்து சாகின்றன. இதுவோ தப்பிப்போய் ஆற்றுக் குட்டையில் முட்டையிடுகிறது. அதே தன்மை குஞ்சுகளுக்கும் போகிறது. நுளம்புக்குச் சில கிழமையில் ஒரு தலைமுறை. சில வருடங்களில் எங்கும் தப்பியவற்றின் சந்ததிதான். தனி நுளம்பு எதுவும் பழகவில்லை, கூட்டம் மாறிவிட்டது.

விதைநெல்லுக்கு நல்ல கதிரை நாம் தெரிந்து எடுக்கிறோம் அல்லவா? இங்கே தெரிந்தது நஞ்சு. வரட்சி, நோய், எதிரி விலங்கு எதுவும் இப்படித் தெரியும். 1859 இல் வெளிவந்த நூலில் சார்ள்ஸ் டார்வின் இதையே இயற்கைத் தேர்வு என்று விளக்கினார். பிரிந்து வாழும் இரு கூட்டங்களில் இத்தகைய மாற்றங்கள் எண்ணற்ற தலைமுறைகளாகச் சேர்ந்து, இனிமேல் ஒன்றோடொன்று கூடிப் பெருக முடியாத நிலை வந்தால், அவை இரு இனங்கள். டி.டி.ரி.க்குத் தப்பிய நுளம்பு அவ்வளவு தூரம் போகவில்லை; அது இன்னும் பழைய இனந்தான்.

1977 அளவில் டி.டி.ரி.க்குப் பதிலாக மலத்தியன் வந்தது. காலப்போக்கில் அதற்கும் தப்பியவை பெருகின. பிறகு மருந்துகளை மாற்றியும், நுளம்பு வலை கொடுத்தும், நோயாளரைத் தேடிச் சிகிச்சை செய்துமே 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அந்த நுளம்பு இன்றும் இங்கே இருக்கிறது.

வயலிலும் இதே கதைதான். கபிலநிறத் தத்திக்குப் போகத்துக்குப் போகம் ஒரே மருந்தை அடித்தால், தப்பும் தத்தியையே நாம் விதைக்குத் தெரிந்து வைக்கிறோம். வேலை செய்யவில்லையென்று அளவைக் கூட்டினாலோ, தத்தியைத் தின்னும் சிலந்திதான் முதலில் சாகும்.