தேர்வுக் கணக்கு – 9: பின்னம் சொல்வதும் சொல்லாததும்

தரவுப் போதுமைக் கணக்கு விடையைக் கேட்பதில்லை. விடை காணத் தேவையான தகவல் இருக்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள். முதல் கூற்று மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், எது தனியாக இருந்தாலும் போதும், சேர்ந்தாலும் போதாது என ஐந்து தெரிவுகள். ஜிமேட் தேர்வில் இந்த ஐந்தும் கேள்விக்குக் கேள்வி மாறுவதில்லை. இந்திய வங்கித் தேர்வுகளிலும் இதே வகைதான்; சில கேள்விகளில் மூன்று கூற்றுகள் வரும்.

பின்னம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, கேள்வி கேட்பது பங்கையா, எண்ணிக்கையையா என்பது. வகுப்பில் 3/5 பங்கு மாணவிகள் என்ற கூற்றை வைத்துக்கொண்டு மாணவிகள் 3 பேரா, 30 பேரா என்று சொல்ல முடியாது. மாணவர்களைவிட மாணவிகள் 8 பேர் அதிகம் என்று இரண்டாவது கூற்று வந்தால் நிலைமை மாறுகிறது. 3/5-க்கும் 2/5-க்கும் உள்ள வித்தியாசம் 1/5. அது 8 பேர். ஆகவே மொத்தம் 40, மாணவிகள் 24. ஏதேனும் ஒரு பங்குக்காவது எண் தெரிந்தால்தான் எண்ணிக்கை பிடிபடும்.

இந்த விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. கேள்வி தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்த இடமும் அதுவே. வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்பது கேள்வி. 3/7 பங்கினர் சைக்கிளிலும் 2/5 பங்கினர் பேருந்திலும் வருகிறார்கள் என்பது முதல் கூற்று. மொத்தம் 40-க்குக் குறைவு என்பது இரண்டாவது. எந்தப் பங்குக்கும் எண் தரப்படவில்லை. போதாது என்றே தோன்றும். ஆனால் ஆட்களைத் துண்டாக எண்ண முடியாது. எனவே மொத்தம் 7-ஆலும் 5-ஆலும் மீதியின்றி வகுபட வேண்டும். இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 35. அடுத்த மடங்கு 70, வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 35 பேர். இரண்டு கூற்றும் சேர்ந்தால் போதும். வரம்பு 80 என்றிருந்தால் 35, 70 இரண்டுமே பொருந்தி, கணக்கு போதாமல் போயிருக்கும். மாணவர்களுக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு என்று வந்தாலும் போதாது: லிட்டர் முழு எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒப்பிடச் சொல்லும் கேள்விகள் வேறு வகை. க, ச இரண்டும் மிகை எண்கள். (க+3)/(ச+3) என்பது க/ச-வைவிடப் பெரியதா? குறுக்கே பெருக்கினால் இரு பக்கமும் உள்ள பொதுவான உறுப்பு நீங்கி, ச என்பது க-வைவிடப் பெரியதா என்ற அளவில் கேள்வி சுருங்கிவிடும். கூற்றுகளைத் தொடுமுன் இப்படிக் கேள்வியைச் சுருக்கிக்கொள்வதே பாதி வேலை. முதல் கூற்று க/ச = 9/4; இரண்டாவது ச = 8. இரண்டையும் சேர்த்தால் க = 18 என்று கிடைப்பதால் பலரும் மூன்றாவது தெரிவுக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் சறுக்கல். 9/4 என்றதுமே க பெரியது என்று தெரிந்துவிடுகிறது. விடை திட்டவட்டமாக ‘இல்லை’. உறுதியான ‘இல்லை’யும் போதுமான விடைதான். முதல் கூற்று மட்டும் போதும்.

2023 நவம்பரில் வந்த ஜிமேட்டின் புதிய வடிவில் இவ்வகைக் கேள்விகள் கணிதப் பகுதியிலிருந்து ‘டேட்டா இன்சைட்ஸ்’ பகுதிக்கு மாறின. அங்கே 45 நிமிடத்தில் 20 கேள்விகள். திரையிலேயே கால்குலேட்டரும் உண்டு. இந்தக் கணக்குகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

விகிதம் மட்டும் கேட்கப்படும்போது ஒரு சிறு எழுத்துகூட முடிவை மாற்றும். க/ச என்ன என்பது கேள்வியானால், (2க+3ச)/ச = 7 என்ற கூற்று போதும்; பிரித்து எழுதினால் க/ச = 2. (2க+3)/ச = 7 என்பது போதாது; அந்த 3 தனி எண்ணாக நிற்பதால் விகிதம் வெளிப்படாது.

கடைசியாக, குறி. க/ச என்பது 1-ஐவிடப் பெரியதா என்று கேட்டு, க என்பது ச-வைவிடப் பெரியது என்று கூற்று தந்தால் உடனே ‘ஆம்’ என்னத் தோன்றும். க = 3, ச = 2 என்றால் ஆம்; க = 2, ச = –3 என்றால் இல்லை. ச மிகை எண் என்ற தகவலும் சேர்ந்தால்தான் போதும். பகுதியின் குறி தெரியாமல் குறுக்கே பெருக்கக் கூடாது. எண் வைத்துச் சோதிப்பவர்கள் ஒரு குறை எண்ணையும் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு பின்னத்தையும் விட்டுவிடாமல் வைத்துப் பார்க்க வேண்டும்.

வாசகர் போட்டுப் பார்க்க ஒன்று: க, ச இரண்டும் பூச்சியம் அல்ல. 1/க என்பது 1/ச-வைவிடப் பெரியதா? முதல் கூற்று: க என்பது ச-வைவிடச் சிறியது. இரண்டாம் கூற்று: க, ச இரண்டின் பெருக்கல் பலன் மிகை எண். விடை அடுத்த இதழில்.