15 வாட் சிக்கனம்

ஐதராபாத் கச்சிபௌலியில் இருக்கும் ஐஐஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திலிருந்து 2007-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பவன் ஹரீஷ், பி.ஜே. நாராயணன். வீடியோ கேம் பிரியர்கள் கடையில் வாங்கும் கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றை எடுத்து, விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையை அதற்குக் கொடுத்தார்கள். ஒரு கோடி சந்திப்புகள் உள்ள வலைப்பின்னலில், ஒரு சந்திப்பிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் வேலை. ஒன்றரை நொடியில் விடை வந்தது. அட்டையின் பெயர் என்விடியா 8800 ஜிடிஎக்ஸ், விலை 600 டாலர்.

அந்த அட்டை நொடிக்குச் சுமார் 34,500 கோடி தசமக் கணக்குகள் போடும். அதற்கு 155 வாட் மின்சாரம் வேண்டும். மேசைக் கணினிக்குள் இரண்டு அட்டைக்கான இடத்தை அது ஒன்றே அடைத்துக்கொள்ளும். 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. எடை 669 கிராம். உள்ளே ஏஎம்டி வடிவமைத்த ஒரே ஒரு சிப். அதன் கிராஃபிக்ஸ் பகுதி நொடிக்கு 1.6 லட்சம் கோடி கணக்குகள் போடுகிறது, பழைய அட்டையைப்போல நாலரை மடங்கு. மின்சாரமோ, கிராஃபிக்ஸும் செயலியும் சேர்த்து அதிகபட்சம் 15 வாட்.

‘தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது’ என்று ஒரே வரியில் இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. டிரான்சிஸ்டர் சிறுத்தது உண்மை. 90 நானோமீட்டர் தலைமுறையிலிருந்து 7 நானோமீட்டர் தலைமுறைக்கு வந்திருக்கிறோம். ஆனால் சிறுத்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. எந்த வேலையைச் செய்யாமல் விடலாம், எதைத் தள்ளிப்போடலாம், எதை மெதுவாகச் செய்யலாம் என்று ஒவ்வொரு மட்டத்திலும் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

திரையிலிருந்து தொடங்குவோம். ஸ்டீம் டெக்கின் திரையில் அகலவாட்டில் 1,280, உயரவாட்டில் 800, ஆக 10,24,000 பிக்சல்கள். பிக்சல் என்பது திரையின் ஆகச் சிறிய வண்ணப் புள்ளி. நொடிக்கு 60 படங்கள் என்றால் 6 கோடியே 14 லட்சம் தடவை ஏதோ ஒரு புள்ளிக்கு நிறம் முடிவாக வேண்டும். சிப்பின் மொத்தக் கணக்கை இவற்றுக்குப் பங்கிட்டால் ஒரு புள்ளிக்கு ஒரு தடவைக்கு 26,000 கணக்குகள் கிடைக்கும். சுவரில் விழும் வெயில், அதில் அசையும் இலை நிழல், ஈரத்தரையில் தெரியும் பிம்பம், தூரத்துப் பனிமூட்டம் எல்லாம் அந்த 26,000-க்குள் அடங்க வேண்டும்.

இதே கணக்கை வரவேற்பறையில் இருக்கும் பிளேஸ்டேஷன் 5-க்குப் போட்டுப் பாருங்கள். அதன் திறன் 10.28 லட்சம் கோடி, ஸ்டீம் டெக்கைப்போல ஆறு மடங்குக்கும் மேல். ஆனால் அது நிரப்ப வேண்டிய 4கே திரையில் பிக்சல்கள் 83 லட்சம், எட்டு மடங்கு. முழு 4கே படத்தை நொடிக்கு 60 முறை வரைந்தால் ஒரு புள்ளிக்கு அதனிடம் இருப்பது ஏறக்குறைய 20,600 கணக்குகள்தான். புள்ளிக்குப் புள்ளி பார்த்தால் கையில் இருக்கும் குட்டிக் கருவிதான் வசதிக்காரன்! திரையைச் சின்னதாக வைத்ததே முதல் சிக்கனம்.

அடுத்தது மின்சாரம். 2022-இல் வந்த அந்தக் கருவியின் பேட்டரி 40 வாட்-மணி. சிப்போடு திரை, மெமரி, காற்றாடி எல்லாம் சேர்ந்து 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஆகவே சிப் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைவிட, ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை செய்யும் என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கான சூத்திரம் ஒரே வரி. சிப் செலவழிக்கும் மின்சாரம், கடிகாரத் துடிப்பின் வேகத்தை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கியதற்கு விகிதத்தில் இருக்கும். கடிகாரத் துடிப்பு என்பது சிப்பின் எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் நடத்தும் மின்சைகை. ஸ்டீம் டெக்கின் கிராஃபிக்ஸ் பகுதியில் அது நொடிக்கு 100 கோடியிலிருந்து 160 கோடி தடவைவரை அடிக்கும்.

துடிப்பைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த துடிப்பு வருவதற்குள் டிரான்சிஸ்டர்கள் நிலை மாறி முடிக்காது. ஆக, வேகம் ஒரு பங்கு, அழுத்தம் இருமடி, சேர்த்துப் பார்த்தால் செலவு ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. நம் வீட்டுக் கூரையில் சுற்றும் பிஎல்டிசி மின்விசிறிக்கும் இதே மும்மடிக் கணக்குதான். முழு வேகத்தில் 28 வாட் இழுப்பது பாதி வேகத்துக்கு வந்தால், காற்றைத் தள்ளும் வேலைக்கான செலவு எட்டில் ஒரு பங்காகிவிடும். காரணங்கள் வேறு வேறு, ஒன்று காற்றின் இயற்பியல், மற்றது மின்னணுவின் இயற்பியல். ஆனால் இரண்டிலும் கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் விலை அதிகம்.

இதை வைத்துச் செய்யும் தந்திரம் அழகானது. வேகத்தையும் அழுத்தத்தையும் 20 சதவீதம் குறைத்தால் மின்செலவு பாதியாகிறது. மிச்சமான பாதியில் இன்னொரு கிராஃபிக்ஸ் அலகைப் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். இப்போது அதே வாட்டில் 1.6 மடங்கு வேலை நடக்கும். ஒருவரை ஓடவிடாமல் இருவரை நடக்கவிடுகிறார்கள். ஸ்டீம் டெக்கில் எட்டுக் கணிப்பு அலகுகள், ஒவ்வொன்றிலும் 64 தடங்கள், ஆக 512 தடங்களில் ஒரே துடிப்பில் கணக்கு நடக்கிறது. கிராஃபிக்ஸ் வேலைக்கு இது பொருந்துவதற்குக் காரணம், பக்கத்துப் பிக்சலின் நிறம் தெரியும்வரை எந்தப் பிக்சலும் காத்திருக்கத் தேவையில்லை. இந்தத் தந்திரத்துக்கும் ஒரு தரை உண்டு. ஓர் அளவுக்குக் கீழே மின்னழுத்தத்தை இறக்கினால் டிரான்சிஸ்டர் நம்பகமாக வேலை செய்யாது. அதற்குப் பிறகு வேகத்தைக் குறைத்தாலும் பெரிய மிச்சம் இல்லை.

2017 மார்ச்சில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் இந்த விதியை அப்படியே பயன்படுத்திக்கொண்டது. உள்ளே என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். டிவியோடு இணைக்கும் டாக்கில் செருகினால் கிராஃபிக்ஸ் துடிப்பு 768 மெகாஹெர்ட்ஸ். கையில் எடுத்தால் 307 அல்லது 384. இரண்டரை மடங்குவரை இறங்குகிறது. ஆனால் வரைய வேண்டிய படமும் உயரவாட்டில் 1080 பிக்சலிலிருந்து 720-க்கு இறங்குகிறது, அகலமும் அதே விகிதத்தில். அதில் பிக்சல் எண்ணிக்கை சரியாக 2.25 மடங்கு குறைவு. வேகம் குறைந்த அளவுக்கு வேலையும் குறைந்துவிட்டதால், விளையாடுபவர் விளையாட்டை நிறுத்தாமலே டாக்கிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டு எண்களோடு மூன்றாவது ஒன்றைச் சேர்க்கிறேன். 2006-இல் சந்தைக்கு வந்த அந்த 8800 அட்டை, தன் மெமரியிலிருந்து நொடிக்கு 86.4 ஜிகாபைட் தகவலை எடுக்கும். 2022-இன் ஸ்டீம் டெக் எடுப்பது 88 ஜிகாபைட். கணக்குப் போடும் திறன் நாலரை மடங்கு ஏறியிருக்க, தகவல் வரும் குழாய் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. போதாக்குறைக்கு, அந்தக் குழாயைச் செயலியோடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கையடக்கக் கருவிகளின் உண்மையான முட்டுச்சந்து இதுதான் என்பேன்.

குழாயைப் பெரிதாக்கிவிடலாமே என்றால், மின்சாரம் குறுக்கே நிற்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹாரோவிட்ஸ் 2014-இல் தந்த அட்டவணை ஒன்று இத்துறையில் எல்லோருக்கும் பழக்கம். 45 நானோமீட்டர் தலைமுறையில் இரண்டு தசம எண்களைப் பெருக்க ஆகும் மின்சாரத்தைப்போல 170 மடங்குக்கும் மேல், அதே அளவு எண் ஒன்றை வெளி மெமரியிலிருந்து எடுத்துவர ஆகிறது. கணக்கு மலிவு, எண்ணைச் சுமந்து வருவதுதான் செலவு. ஆகவே நல்ல கிராஃபிக்ஸ் சிப், எடுத்ததை முடிந்தவரை மறுபடி எடுக்கப் போகாது.

கைபேசிப் பரம்பரையில் வந்த சிப்கள் இதற்கு அருமையான வழி ஒன்றை வைத்திருக்கின்றன. குவால்காம் நிறுவனம் 2009 ஜனவரியில் ஏஎம்டியின் கைபேசிக் கிராஃபிக்ஸ் பிரிவை ஆறரைக் கோடி டாலருக்கு வாங்கியது. அதன் வழித்தோன்றலான அட்ரீனோ இன்று கோடிக்கணக்கான ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும், 2021 டிசம்பரில் அறிவித்த ஸ்னாப்டிராகன் ஜி3எக்ஸ் என்ற விளையாட்டுக் கருவிச் சிப்பிலும் இருக்கிறது. அட்ரீனோ பொதுவாக ஒரு படத்தை நேராக வரையத் தொடங்காது. திரையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும். முதல் சுற்றில், காட்சியிலுள்ள முக்கோணங்களில் எது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பட்டியல் மட்டும் போடும். விளையாட்டு உலகில் மலையும் மனிதரும் முக்கோணங்களால் ஆனவை. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கட்டமாக எடுத்து, சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய மெமரியில் வைத்து முழுதாக வரையும். மரத்துக்கு மேல் வீடு, வீட்டுக்கு மேல் புகை என்று எத்தனை தடவை மேலே மேலே பூசினாலும் அது உள்ளேயே நடந்துவிடும். முடிந்த கட்டம் ஒரே ஒரு தடவை வெளி மெமரிக்குப் போகும். ஒரே காட்சியை இரண்டு முறை அலசுவது வீண் வேலைபோலத் தெரியும். சுமைக்கூலியோடு ஒப்பிட்டால் அது லாபம்.

பெட்டியில் அச்சிடும் எண்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பதும் இதனால்தான். 2023-இல் வந்த ஆசுஸ் ரோக் அலை கருவியின் உயர்வகைக்கு 8.6 டெராஃப்ளாப் என்கிறார்கள். டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்கு. ஸ்டீம் டெக்கின் 1.6-க்குப் பக்கத்தில் ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் அதன் மெமரி வேகம் 102.4 ஜிகாபைட், 16 சதவீதம்தான் கூடுதல். ஒரே துடிப்பில் இரண்டு கட்டளைகளைச் சேர்த்து நடத்தும் அதிர்ஷ்டம் வாய்த்தால்தான் அந்த 8.6 வரும் என்பது வேறு. அது நல்ல கருவிதான். ஆனால் ஐந்து மடங்கு வேகத்தை எதிர்பார்த்து யாரும் வாங்க வேண்டாம்.

இந்தச் சிப்களைத் தரும் ஏஎம்டிக்கும் குவால்காமுக்கும் ஐதராபாத்தில் பெரிய வடிவமைப்பு மையங்கள் இருக்கின்றன. என்விடியாவுக்கும் அங்கே அலுவலகம் உண்டு. ஹைடெக் சிட்டியிலிருந்து கச்சிபௌலிவரை உள்ள கண்ணாடிக் கட்டடங்களில் சிப் வேலை என்பது, சிப்பே இல்லாமல் நடக்கும் வேலை. வடிவம் முதலில் நிரல்போல எழுதப்படும். பிறகு வெரிஃபிகேஷன், அதாவது பிழை தேடுதல். அலமாரி அளவுள்ள எமுலேட்டர் இயந்திரங்களில் அந்த வடிவத்தைப் போலியாக ஓட்டிப் பார்ப்பார்கள். அவை நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு என்ற வேகத்தில் நகரும். 160 கோடித் துடிப்புள்ள சிப்பின் ஒரு நொடியைப் பார்த்து முடிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். எல்லாம் சரி என்றான பிறகு டேப்-அவுட். வரைபடம் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் கையில் சிப் வருவதற்கு மாதங்கள் பிடிக்கும், இடையில் திருத்த வழியில்லை.

அங்கே தினமும் காதில் விழும் இரண்டு சொற்கள் கிளாக் கேட்டிங், பவர் கேட்டிங். வேலையில்லாத பகுதிக்குத் துடிப்பு போகாமல் வாசலிலேயே நிறுத்துவது முதலாவது. துடிப்பு இல்லையென்றால் டிரான்சிஸ்டர் நிலை மாறாது, மாறாவிட்டால் செலவும் இல்லை. ஆனால் இன்றைய நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடும். அதற்குத்தான் இரண்டாவது. அந்தப் பகுதிக்கான மின்சாரத்தையே துண்டித்துவிடுவார்கள். துண்டித்ததை எழுப்ப நேரமும் மின்சாரமும் ஆகும் என்பதால், எவ்வளவு நேரம் தூங்கினால் லாபம் என்ற கணக்கும் முன்கூட்டியே போட்டாக வேண்டும். ஒரு படத்துக்கான 16.7 மில்லிநொடிக்குள் சிப்பின் பல மூலைகள் எத்தனையோ தடவை நின்று நின்று ஓடுகின்றன. அது தெரியாமலே விளையாடுபவர் ஆட்டத்துக்குள் ஏதோ ஒரு கதவைத் திறந்து ஓடிக்கொண்டிருப்பார்.

விளையாடுபவர் கையிலும் ஒரு சிக்கனம் இருக்கிறது. ஸ்டீம் டெக்கில் படவேகத்தை நொடிக்கு 40 என்று கட்டிவைக்கலாம், திரையும் 40 ஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளும். 60 படம் என்றால் படத்துக்கு 16.7 மில்லிநொடி, 30 என்றால் 33.3. இரண்டுக்கும் சரிநடுவில் இருப்பது 25, அதாவது 40 படம். எண்ணில் பார்த்தால் 30-க்குப் பக்கத்தில் இருக்கும் இந்த 40, காத்திருக்கும் நேரத்தில் பார்த்தால் பாதி தூரம் ஏறிவிட்டது. வரையாமல் விட்ட மூன்றில் ஒரு பங்குப் படங்களின் மின்சாரம் பேட்டரியிலேயே இருக்கும்.

கடைசியாக வெப்பம். சிப்புக்குள் போகும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகவே வெளியே வர வேண்டும், அதுவும் விரல்களுக்கு நடுவிலிருந்து. வால்வ் சொல்லும் உகந்த சூழல் 0 முதல் 35 டிகிரி. ஐதராபாத்தின் மே மாத மதியம் 40-ஐத் தாண்டும். காற்றுக்கும் கருவிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறையக் குறைய வெப்பம் வெளியேறுவதும் மந்தமாகும். சிப் 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 105-இல் அணைந்துவிடும். வேகம் குறைவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மும்மடிக் கணக்கு இங்கேயும் கைகொடுக்கிறது. துடிப்பும் அழுத்தமும் 10 சதவீதம் இறங்கினால் வெப்பம் 27 சதவீதம் இறங்கும். நொடிக்கு 60 படம் 54 ஆகும், ஆட்டம் தொடரும்.