நம் மாணாக்கர் எழுதட்டும்

உயர்தரப் பாடசாலைகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்குக் கதை எழுதவும், கண்டறிந்த விஷயங்களை உள்ளபடி எழுதவும் கற்பிக்க வேண்டும் என்று நாம் கூறினால், “பரீட்சைக்குப் படிக்கவே பொழுது போதவில்லை, இது எதற்கு?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும், பத்து வருஷ காலம் தாய்மொழியைப் பயின்று வெளியேறும் ஒரு மாணாக்கன், தன் தெருவில் நடந்த ஒரு சம்பவத்தை ஒரு பக்கம் தெளிவுற எழுத இயலாது திகைப்பானாயின், அந்தப் பத்து வருஷத்தில் அவன் பெற்ற பயன் யாது என்று நாமும் கேட்க வேண்டியவராகிறோம்.

மனப்பாடக் கட்டுரை

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில், குறிப்புகளைக் கொண்டு கட்டுரை வரைக என்னும் வினா உண்டு. வினாவில் பிழையில்லை, அதற்கு விடை தயாராகும் விதத்திலேதான் பிழை இருக்கிறது. முன்னுரை முதல் முடிவுரை வரை அச்சிட்டு விற்கும் துணை நூல்களை உருப்போட்டு, நூறு மாணாக்கர் ஒரே கட்டுரையை எழுதுகின்றனர். கெங்குவார்பட்டியில் வாழும் சிறுவன் ஒருவன் கண் விழித்தால் கொடைக்கானல் மலையைக் காண்கிறான். அந்த மலையில் தலையாறு அருவியாய் விழும் நீரே கீழே மஞ்சளாறாய் ஓடுகிறது. ஆனால், இயற்கையைப் பற்றி அவன் எழுதும் கட்டுரையில் அந்த மலையும் இல்லை, அருவியும் இல்லை, ஆறும் இல்லை. தான் காணாத ஏதோ ஒரு வனத்தை, பிறர் சொற்களால் புகழ்கிறான். இது பாஷைப் பயிற்சி ஆகாது. காணாததைக் கண்டதாகச் சொல்லும் பயிற்சியே ஆகும். கேட்ட மாத்திரத்தில் இயந்திரமே கட்டுரை எழுதிக் கொடுக்கும் இக்காலத்தில், மனப்பாடக் கட்டுரைக்கு இருந்த சொற்ப மதிப்பும் போய்விட்டது.

அண்டை ஊரின் சான்று

கதை எழுதுவது பட்டணத்துப் பண்டிதருக்கே உரியது என்று எண்ணுவோர், கெங்குவார்பட்டிக்குக் கிழக்கே சில மைல் தூரத்திலுள்ள வத்தலக்குண்டைப் பார்க்கட்டும். 1872-ம் வருஷத்தில் அவ்வூரிற் பிறந்த பி. ஆர். ராஜமையர், 1893-ம் வருஷத்தில் ‘விவேக சிந்தாமணி’ப் பத்திரிகையில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை வெளியிடத் தொடங்கியபோது, இருபதைச் சற்றே தாண்டிய வாலிபர். அவர் தம் நாவலுக்குக் களமாகக் கொண்டது இராஜதானி நகரத்தை அன்று. மதுரைச் சீமையின் ஒரு கிராமத்தையே. அதே வத்தலக்குண்டைச் சேர்ந்த பி. எஸ். ராமையா, 1930-ம் வருஷ உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். 1935-ம் வருஷம் முதல் ‘மணிக்கொடி’யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்தியவர். சின்னமனூரிற் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா, 1959-ம் வருஷத்தில் ‘எழுத்து’ப் பத்திரிகையைத் தொடங்கினார், ஜல்லிக்கட்டுக் களத்தை ‘வாடிவாசல்’ என்னும் கதையாக்கியவரும் அவரே. இம்மூவரையும் அளித்த மண்ணில் பிள்ளைகளுக்கு எழுதும் விஷயம் இல்லை என்று எவர் சொல்லத் துணிவர்?

டால்ஸ்டாய் கண்டது

பிள்ளைகளால் எழுத முடியுமா என்ற ஐயத்தையும் உலகம் முன்னமே தீர்த்து வைத்திருக்கிறது. ருஷிய ஞானி டால்ஸ்டாய், 1859-ம் வருஷம் முதல் சில வருஷங்கள் தமது யாஸ்னயா போல்யானா கிராமத்தில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார். ஒரு பழமொழியைக் கொடுத்து அதற்குக் கதை எழுதுமாறு கேட்டார். பிள்ளைகள் தயங்கவே, தாமே எழுதத் தொடங்கினார். அவர் எழுதியதைப் பார்த்த பிள்ளைகள் குறை கூறித் திருத்தலாயினர். முடிவில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதும் குமாஸ்தாவாக அப்பேராசிரியர் அமர்ந்தார். கதையில் வரும் ஒருவன் பெண்பிள்ளையின் அங்கியை அணிந்து வந்தான் என்று ஒரு சிறுவன் சேர்த்தான். அச்சிறு விவரமே அந்த மனிதனை உயிரோடு கண்முன் நிறுத்தியதென்று டால்ஸ்டாய் வியந்தார். குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்ற பொருளில் 1862-ம் வருஷத்தில் ஒரு வியாசமே வரைந்தார்.

கண்டதும் கேட்டதும்

ஆகவே, கற்பிக்க வேண்டியது அலங்கார நடையை அன்று. உற்றுப் பார்ப்பதையும், பார்த்ததை ஒழுங்குபடச் சொல்வதையுமே. நியாயஸ்தலத்தில் சாட்சியைப் பார்த்து, “நீ நேரில் கண்டாயா, பிறர் சொல்லக் கேட்டாயா?” என்று வக்கீல் கேட்பார். உண்மை விஷயத்தை எழுதப் புகும் மாணாக்கன் இக்கேள்வியை வரிக்கு வரி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெங்குவார்பட்டிக்கு மேற்கே தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் ஆலயம் இருக்கிறது. அங்கே அடைத்த கதவுக்கே பூஜை நடைபெறுகிறது. இது கண்டது. ஆற்று வெள்ளத்தில் பெட்டியாய் வந்த அம்மனை மூங்கில் தடுத்து நிறுத்திற்று என்பது பெரியோர் சொல்லக் கேட்டது. அதை எழுதலாம், ஆனால் சொன்னவர் இன்னார் என்று சேர்த்தே எழுத வேண்டும். இனி, அக்கதவின் முன் நின்று உள்ளே இருப்பதைக் காண ஏங்கும் ஒரு சிறுமியை மாணாக்கன் தன் மனத்தில் படைத்தானாயின், அது கதை. அவள் விரும்புவது என்ன, தடுப்பது எது, முடிவில் அவள் உள்ளத்தில் நேர்ந்த மாறுதல் யாது என்ற மூன்றுக்கும் கதையில் விடை இருக்க வேண்டும். கதையில் சம்பவம் கற்பனையாகலாம்; மனித சுபாவம் பொய்யாகலாகாது. ஒரே கதவைக் கொண்டு இருவகை எழுத்தின் வித்தியாசத்தையும் ஒரு பாட வேளையில் விளக்கிவிடலாம்.

செய்யத்தக்கது

உபாத்தியாயர்களுக்கு நாம் கூறும் யோசனைகள் சிலவே. மாதம் ஒரு முறை, மாணாக்கர் தம் வீட்டு முதியவர் ஒருவரையோ, மாந்தோப்புக் காவலரையோ, பஸ் கண்டக்டரையோ கேட்டறிந்து, இரண்டு பக்கம் எழுதட்டும். எழுதியதை வகுப்பில் உரக்கப் படிக்கட்டும். கேட்போர் விளங்காத இடத்தில் கேள்வி கேட்கட்டும். அதன்பின் எழுதியவர் திருத்தி எழுதட்டும். முதற் பிரதிக்கு மதிப்பெண் வேண்டாம். திருத்திய பிரதிக்கே கொடுக்கலாம். சிவப்பு மையால் எழுத்துப் பிழையை மாத்திரம் சுழித்துத் தள்ளினால், பிள்ளை அடுத்த முறை தனக்குப் பிழையின்றி எழுத வரும் சொற்களை மட்டுமே எழுதும்; சொல்ல நினைத்ததை விட்டுவிடும். பிறர் குடும்ப இரகசியங்களை அவர் சம்மதமின்றி எழுதலாகாது என்பதையும் அப்போதே புகட்டிவிட வேண்டும்.

சிறந்தவற்றைக் கையெழுத்துப் பத்திரிகையாகத் தைத்து, ஊர் நூலகத்தில் வைக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2022-ம் வருஷத்தில் மாணாக்கருக்கென்றே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் இதழ்களைத் தொடங்கியது. அது போற்றத்தக்க காரியம். எனினும், மேலிருந்து வரும் இதழைப் படிப்பதோடு, தன் பள்ளியிலிருந்து ஓர் இதழை அனுப்பும் தகுதியும் ஒவ்வொரு கிராமத்துக்கும் வேண்டும்.

இது இலக்கிய ஆசை மாத்திரமன்று. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்பதைத் தேதியோடும் விவரத்தோடும் நாலு வாக்கியத்தில் எழுதத் தெரியாத பிரஜை, கலெக்டர் காரியாலய வாசலில் மனு எழுதுவோரைத் தேடி நிற்கிறான். அவர் எழுதியதே அவன் குறையாகிவிடுகிறது. தன் கதையைத் தானே எழுதாத ஊரின் கதையையும் பிறரே எழுதுவர். அதில் அவ்வூரார் தம் முகத்தைக் காணமாட்டார்கள். சுயராஜ்யம் வாக்குச் சீட்டோடு முடிவதன்று. தன் சொல்லைத் தானே சொல்ல வல்லவனிடமே அது நிலைபெறும். அடுத்த பாட வேளையிலேயே துணை நூலை மூடச் சொல்லி, ஜன்னலைத் திறக்கச் சொல்லும்படி நம் உபாத்தியாயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.